1:40க்கு அணையும் ஃபிரிட்ஜ்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நான் குடிப்பதில்லை. கனவையும் நிஜத்தையும் குழப்பிக்கொள்கிறவளும் இல்லை. இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மணியைத் தப்பாகப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. நான் சொல்லும் நேரங்களை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

அரிசோனா பாலைவனத்தில் மார்ச் மாதக் கடைசி. குளிர்காலத்துக்கு வந்து தங்கியவர்கள் எல்லாரும் வடக்கே கிளம்பிவிட்டார்கள். அந்தப் பொட்டலில் மிஞ்சியது இரண்டே வண்டிவீடுகள். ஒன்று, ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் டெல்பர்ட்டுடையது. இன்னொன்று என் கணவர் வெர்லினும் நானும் குடியிருப்பது. அக்டோபரில் பழசாக வாங்கியது. எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

குளிர்காலம் முழுக்க வாடகை முகாமில் கரண்ட் இருந்தது. ஒரு தொல்லையும் இல்லை. இந்த மாதிரி வண்டியில் இருக்கும் ஃபிரிட்ஜ் கரண்டிலும் ஓடும், கேஸ் சுடரிலும் ஓடும். பொட்டலுக்கு வந்த பிறகுதான் ஃபிரிட்ஜை முதல்முறையாக கேஸில் ஓடவிட்டோம். கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்க பேட்டரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் வர வேண்டும். அது நின்றால் சுடர் அணைந்துவிடும், குளிரும் போய்விடும்.

அது அடிக்கடி நின்றது. தினமும் இல்லை, ஒருநாள் விட்டு, இரண்டுநாள் விட்டு.

உள்ளே இருந்தது வெர்லினின் இரண்டு மாத இன்சுலின். போன வருடம் வெயிலில் கெட்டுப்போன மருந்தைத் தெரியாமல் போட்டுக்கொண்டு, மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தவர் அவர். அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை.

"வந்து வந்து போற கோளாறு இருக்கே, அது மகா பாவி," என்றார் டெல்பர்ட், வண்டியின் வெளிப்பக்கம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் மூடியைக் கழற்றியபடி. "டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போற பிள்ளை மாதிரி. இப்ப மீட்டரைப் பாருங்க, பன்னெண்டு புள்ளி நாலு வோல்ட். ஜம்முனு இருக்கு."

"உன்னைப் பார்த்து பயந்திருக்கும்," என்றார் வெர்லின்.

"யோவ், வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடி."

வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. "காத்துதான் சுடரை ஊதி அணைக்குது. மூடியில இருக்கற ஓட்டையை எல்லாம் டேப் போட்டு அடைச்சிடலாம். இங்க எல்லாரும் செய்யறதுதான்."

அடைத்தோம். புழுதி வராமல் ஜன்னல்களையும் சாத்தினோம். விஷக்காற்று வந்தால் கத்தும் கருவி இரண்டு இரவாகக் கத்திக்கொண்டே இருந்தது. "பேட்டரியைத் தின்னுது, தூக்கத்தையும் தின்னுது" என்று வெர்லின் அதைக் கழற்றி டிராயரில் போட்டார். இதுவும் இங்கே எல்லாரும் செய்வதுதான்.

அன்றிரவும் அணைந்தது.

டக்.

விழித்துப் பார்த்தேன். 1:40. ஃபிரிட்ஜின் பச்சை விளக்கு எரியவில்லை. ஜன்னலில், வெர்லின் படுத்திருந்த பக்கம், யாரோ விரல் நகத்தால் தட்டுவது போல... டொக். டொக். டொக். காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் போய்ப் பார்த்தபோது வெளிமூடியின் இரண்டு திருகும் கழன்றிருந்தன. நான்தான் சரியாக முடுக்கவில்லை என்று நினைத்தேன். பேட்டரியிலிருந்து வரும் பன்னிரண்டு வோல்ட் வயரின் பித்தளை முனை, மாட்டிய இடத்திலிருந்து கழன்று தொங்கியது. மற்ற வயர்கள் எல்லாம் புழுதி படிந்து பழுப்பாக இருந்தன. அந்த ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. அடிக்கடி தொட்டுப் பழகிய கதவுப் பிடி மாதிரி.

மாட்டினேன். அடுத்த இரவு நானே காவல் இருப்பது என்று முடிவு செய்தேன். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். டெல்பர்ட்டிடம் வாங்கிய மீட்டரின் கவ்விகளை வயரில் மாட்டினேன். மடியில் டார்ச்.

1:38. பன்னிரண்டு புள்ளி நான்கு.

1:39. அதேதான். காற்றே இல்லை. ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

1:40.

வயர் ஆடியது.

பித்தளை முனை மெல்ல... மெல்ல வெளியே வந்தது. துருப்பிடித்து இறுகியதை இரண்டு விரலால் ஆட்டி ஆட்டி எடுப்போமே, அப்படி. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். இந்தப் பக்கம்.

டக்.

மீட்டரில் பூஜ்யம்.

டார்ச்சை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டேன்.

விடிந்ததும் வெர்லினிடம் சொன்னேன். "மேவிஸ், உனக்கு ஒரு நல்ல தூக்கம் வேணும்," என்றார். டெல்பர்ட் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை. அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, வயரை நேராகச் சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, மூடியையும் திரும்ப மாட்டினார். "இனி யானை இழுத்தாலும் வராது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. பேயோ பிசாசோ, மருந்து குளிர்ந்தால் போதும். அந்த அளவுக்குத்தான் அப்போது என் புத்தி வேலை செய்தது.

அன்றிரவு 1:40. விழித்துப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று சிரித்தேன்.

டொக். டொக்.

தலை கனத்தது.

டொக். டொக். டொக். நகம் இல்லை இப்போது. உள்ளங்கை. பிறகு முஷ்டி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வண்டியே ஆடியது.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் என்னுடையதாக இல்லை. பக்கத்தில் வெர்லின் குறட்டை விட்டார். அது குறட்டை மாதிரி இல்லை...

1:52.

கதவுப் பக்கம் ஒரு சத்தம்.

க்ரீச்...

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு விரியத் திறந்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றை நோக்கித்தான் ஊர்ந்தேன். வெர்லினின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். எப்படி இழுத்தேன் என்று கேட்காதீர்கள். நூறு கிலோ மனிதர். படியில் இரண்டு பேரும் உருண்டு விழுந்தோம். எங்கள் ஜன்னலருகே யாரும் இல்லை. டெல்பர்ட் அவருடைய வண்டியிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்துகொண்டிருந்தார்.

வெர்லின் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் நான்கு நாள்.

டெல்பர்ட் ஃபிரிட்ஜையே வெளியே இழுத்துப் பார்த்தார். பர்னர் சுடர் நீலமாக இல்லை, மஞ்சளாக எரிந்திருக்கிறது. மேலே கரி. பின்சுவரின் இடுக்கை அடைத்திருந்த பசை காய்ந்து உதிர்ந்து, அந்த விஷக்காற்று முழுக்க எங்கள் படுக்கைக்கு வந்திருக்கிறது. "நான் அடைச்ச டேப் வேற," என்றார். மூடியிலிருந்து அதைப் பிய்த்து எறிந்தார்.

வண்டியின் பழைய காகிதத்தில் முன்பு வைத்திருந்தவர்கள் பெயர் இருந்தது. தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அவர்கள் மகள் கோலீன் எடுத்தாள்.

"அந்த வண்டியா?" என்றாள். "அப்பா அம்மா ரெண்டு பேரும் அதுலதான் போனாங்க. மூணு வருஷம் ஆச்சு. கேஸ்."

"தூக்கத்திலயாம்மா?"

"இல்ல. அம்மா முழிச்சிருக்காங்க. எப்படியோ வெளிய வந்து, அந்த மூடியைத் திறந்திருக்காங்க. ஃபிரிட்ஜை நிறுத்தத்தான். வயர் மேல கை வச்சபடியே கிடந்தாங்க. கழட்ட முடியல போல. ஜன்னல் கண்ணாடி பூரா அவங்க கை ரேகை. அப்பாவை எழுப்ப தட்டியிருக்காங்க."

"அப்பா?" என்றேன்.

"அப்பா எழுந்துட்டாரு. அவர் கிடந்தது படுக்கையில இல்ல. அம்மா வெளிய வந்ததும் கதவு காத்துல சாத்திக்கிச்சு, தாழ்ப்பாள் தானா விழுந்துடுச்சு. அதைப் பிடிச்சபடியே கிடந்தாரு. திறக்க முடியல..."