உப்புப் பழகிய கை

கோட்டைப்பட்டினம் மீன் கொட்டகையில் ஜொஹரா பீவியின் வேகத்துக்குக் கூடை அடுக்க வேறு ஆள் கிடையாது. ஒரு வரிசை நொறுக்கிய ஐஸ், அதன்மேல் ஒரு கை உப்பு, பிறகு மீன். கணவர் கடலோடு போனபின் அவளுக்கும் மகள் சாராவுக்கும் அந்தக் கூடைகள்தான் சோறு போட்டன.

1961 கோடையில் ஒரு மத்தியானம் சாராவுக்குக் காய்ச்சல் ஏறி, கைகால் வெட்டி இழுத்தது. கம்பவுண்டர் ஊசி போட்டுவிட்டு, "ஐஸ் பை வச்சு நெத்திய ஆத்துங்க. சூடு எறங்காட்டா மறுபடி இழுக்கும். தாங்காது" என்றார்.

பிள்ளையை அடுத்த வீட்டுச் செவந்தியிடம் விட்டு ஜொஹரா கொட்டகைக்கு ஓடினாள். மரத்தூளுக்குள் ஒரே ஒரு ஐஸ் கட்டி மிச்சமிருந்தது, சாயங்காலம் கரையேறும் மீனுக்காக.

"அதை எடுத்துட்டா வர்ற மீனை எங்க ஊட்டுக் கொல்லையிலயா பொதைக்கிறது?" என்றார் முதலாளி ஜைனுதீன். "சாராவுக்கு இழுக்குது காக்கா" என்றாள். அவர் சுத்தியலை எடுத்துக் கட்டியை உடைத்தார்.

கம்பத்தில் தொங்கிய பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, ஒரு முனையைக் கட்டி, ஐஸை அள்ளி அள்ளித் திணித்தாள். மறுமுனையையும் இறுக்கிக் கட்டினாள். மிச்ச ஐஸைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

டியூப் நெற்றியில் பட்டதும் துவண்டு கிடந்த சாரா வீறிட்டாள்.

"பிடிச்சுக்க செவந்தி, குளிர்ச்சிக்குத்தான் அழுவுறா."

"இல்லக்கா. இங்கிட்டுப் பாருங்க, தோலு வெள்ளையாப் போவுது."

டியூபின் முடிச்சில் கசிந்த நீரை ஜொஹரா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கூடைக்குப் போடுகிற மாதிரியே கை தானாக உப்புச் சட்டிக்குப் போய் வந்திருக்கிறது. உப்புப் பட்டால் ஐஸின் குளிர் இன்னும் ஏறித் தோலைச் சுடும். அந்தக் கடி அவள் விரல்களுக்குப் பழக்கம். பிள்ளையின் நெற்றிக்கு?

டியூபை வாசலில் கொட்டிக் கழுவினாள். சாக்கில் இருந்தது பாதி நீராகியிருந்தது. எஞ்சியதைப் போட்டு, துணி சுற்றி வைத்தாள். சாராவின் விரல்கள் இரண்டு முறை துடித்தன. செவந்தி காலைப் பிடித்துக்கொண்டாள். இழுப்பு வரவில்லை. டியூபில் வெறும் தண்ணீர் தளும்பியபோது சாரா கண் திறந்தாள்.

"உம்மா, மீன் நாத்தம்."

நெற்றித் தழும்பு மட்டும் போகவில்லை. பிறகு கால் சுளுக்கு, பல்வலி, பிரசவத்து ரத்தப்போக்கு என்று யார் வந்தாலும் ஜொஹரா டியூபை நிரப்பித் தருவாள். அவள் ஐஸில் கை வைக்குமுன், சாரா உப்புச் சட்டியைத் தூக்கி அங்கிட்டு வைத்துவிடுவாள்.