வலியைச் சொல்லாத ஹவில்தார்

கைகளைத் தோள் உயரத்துக்கு வீசி அவர் நடந்த நடை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. ட்ரெட்மில் பெல்ட்டின் மேல் ஏறுகிறவர்கள் முதல் நிமிடத்திலேயே முன்னால் இருக்கும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள். இவர் மட்டும், மார்பு முழுக்க ஒயர்கள் ஒட்டியிருக்க, கொடியேற்றத்துக்கு அணிவகுத்துப் போகிறவர் மாதிரி விறைப்பாக நடந்தார். கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தேவையில்லை மேடம் என்றார். சரியான அழுத்தக்காரர் என்று நினைத்தேன். கொஞ்சம் ரசிக்கவும் செய்தேன். அப்படி ரசித்துக்கொண்டு நின்றதற்காகப் பிறகு என்னை நானே எத்தனையோ முறை திட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஈ.சி.ஜி.யும் ட்ரெட்மில் சோதனையும் எடுப்பது அப்போது என் வேலை. கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததால் திருநெல்வேலியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்தவள் நான். இந்தப் பக்கத்துப் பேச்சு காதுக்குப் பழகவே ஒரு வருடம் ஆனது. ‘இன்னாம்மா’ என்று யாராவது கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறார்களோ என்று திடுக்கிடுவேன். மாடியில் இருந்த எங்கள் சோதனை அறையின் ஜன்னலைத் திறந்தால் மீன் மார்க்கெட் வாடை குப்பென்று ஏறும். மூக்கைப் பொத்திக்கொண்டே வேலை பார்த்த இடம்தான். இன்று அந்த வாடையை நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது, என்ன செய்ய.

ஹவில்தார் திருப்போரூர் பக்கத்துக்காரர். இருபத்து நான்கு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தார். முதல் நெஞ்சு வலி அவருக்குப் பனிமலைக் காவல் சாவடியில் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடல்தகுதியைக் குறைத்து எழுதிவிடுவார்கள், பதவி உயர்வு அதோடு போய்விடும் என்று பயம். அங்கே எல்லோரும் அப்படித்தானாம். வருடா வருடம் மருத்துவர் கேட்கும்போது விறைத்து நின்று, ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே பழகியவர்கள். பணி முடிந்து வந்தபோதும் அதையேதான் சொன்னார். காகிதத்திலும் அப்படியே ஏறிவிட்டது.

ஊருக்கு வந்த பிறகுதான் படி ஏறவே திணறல். மனைவி நச்சரித்து மனு போட வைத்தார். இதய நோய் இருக்கிறது, அது பணியிலேயே தொடங்கியது, இத்தனை சதவீதம் பாதிப்பு என்று ராணுவ மருத்துவக் குழு எழுதினால்தான் டிசபிலிட்டி பென்ஷன். இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. அந்தக் குழுவிடம் காட்டத்தான் ட்ரெட்மில் ரிப்போர்ட் கேட்டு என்னிடம் வந்தார்கள். அந்த அம்மாவுக்குப் பென்ஷன்கூட இரண்டாம்பட்சம். நெஞ்சுக்குள்ளே இருப்பது என்னவென்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சோதனையின் மூன்றாம் கட்டத்தில் பெல்ட் வேகமெடுத்து மேடாகச் சாய்ந்தது. அவர் முகத்தில் வியர்வை கொட்டியது. இடது கை ஒருமுறை தாடைக்குப் போய்விட்டு வந்தது. நெஞ்சு வலி தாடைக்கும் ஏறும் என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நெஞ்சில் வலி இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மேடம். ஓடலாம்."

இதயத்துக்கு ரத்தம் போதாவிட்டால் திரையில் ஈ.சி.ஜி. கோடு கீழே இறங்கும்; அது லேசாகத்தான் இறங்கியிருந்தது. இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்கிற அளவுக்கு. டாக்டர் அடுத்த அறையில் எக்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். ‘நெஞ்சு வலி இல்லை, நல்ல உடல் திறன்’ என்று நான் தட்டச்சு செய்ததை வைத்துத்தான் டாக்டரும் கையெழுத்துப் போட்டார். இறங்கியதும் ஹவில்தார் ஆவலாக, பாஸா மேடம் என்று கேட்டார். இதற்காக இரண்டு வாரமாக நெம்மேலிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகினாராம். எந்தச் சோதனை என்றாலும் தேறிவிட வேண்டும் என்றே வளர்ந்த மனிதர். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பலன் மூன்று மாதத்தில் வந்தது. மருத்துவக் குழு எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டது. காகிதத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மா தனியாக வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"வூட்ல ரெண்டு படி ஏறினா சுவத்த புடிச்சிகினு நிக்கிறாரு. இங்க வந்து ரேஸ் வுட்டுட்டுப் போறாரு. நீ அவரக் கேட்ட, சரி. நான் வெளிய குந்திகினுதானேம்மா இருந்தேன்? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கேட்கவில்லைதான். நோயாளி ஆண் என்றால், கூட வந்த பெண் பையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார வேண்டியவள் என்றே நானும் நினைத்திருந்தேன். பெண்ணாகப் பிறந்து நானே அப்படி நினைத்தேனே என்று அன்று முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டரிடம் போய், அந்தத் தாடை விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் வரச் சொல்லு, இந்த முறை நான் கூடவே நிற்கிறேன் என்றார். அவர் சாப்பிட்டுவந்த இரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்று சோதனையில் நோயை மறைத்துவிடும் என்று அதையும் இரண்டு நாள் நிறுத்தச் சொன்னார். முதல் முறை யாரும் அதை விசாரிக்கவே இல்லை.

இரண்டாவது முறை மனைவியையும் உள்ளே உட்கார வைத்தேன். ஒயர்களை ஒட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அது அவருக்குப் பிடிக்கும். பனிமலையில் என்னதான் வேலை என்று கேட்டேன். மணிக்கொரு தரம் வயர்லெஸ்ஸில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்றார். குளிர் எவ்வளவு, பனி எவ்வளவு, ஆள் எத்தனை பேர். ரிப்போர்ட்டில் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னாலும் கீழே இருக்கிறவன் செத்துப்போவான் என்று ரொம்பத் தீவிரமாகச் சொன்னார். எனக்குச் சுரீரென்றது. வலிக்கிறதா என்று கேட்டால் இந்தக் கல்லுளிமங்கன் ஆயுசுக்கும் சொல்லப் போவதில்லை. அது அவருக்குப் புகார். புகார் சொல்வது கேவலம்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வலிக்குதான்னு நான் கேக்கவே மாட்டேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சைப் பத்தி ரிப்போர்ட் வேணும். பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் ஒரு நம்பர். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

"ரிப்போர்ட்டா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகமே மாறிவிட்டது. பெல்ட் ஓடத் தொடங்கியது. முதல் நிமிடம் பூஜ்யம். மூன்றாம் நிமிடம் இரண்டு. ஐந்தாம் நிமிடம் நான்கு. நேராகப் பார்த்தபடி, கணீரென்று, ஒரு சொல் கூடுதலாக இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாம் நிமிடத்தில், "ஏழு மேடம்" என்றார். மூலையில் அந்த அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். அத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவருக்கு அந்த எண்ணை அன்றுதான் கேட்கக் கிடைத்தது. திரையில் கோடு சரசரவென்று இறங்க, டாக்டர் கையை நீட்டி பெல்ட்டை நிறுத்தினார்.

அன்றைக்கே ஆஞ்சியோ செய்ய அனுப்பினோம். இதயத்தின் இரண்டு ரத்தக் குழாய்களில் அடைப்பு. ஒன்று ஏறக்குறைய மூடியே விட்டது. மணலில் இன்னும் இரண்டு வாரம் ஓடியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். ஸ்டென்ட் வைத்து ஆள் தேறினார். மேல்முறையீட்டில் மறுபடியும் மருத்துவக் குழு அழைத்தது. புது ரிப்போர்ட்டில் நோய் இருப்பது தெரியும். அது பணியிலேயே தொடங்கியது என்பதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். அங்கே எண் கேட்க நானும் இல்லை, மனைவியையும் உள்ளே விட மாட்டார்கள். போன மனிதர் பழைய பாட்டையே பாடிவிட்டு வருவாரோ என்று அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

சில மாதம் கழித்து இருவரும் மீன் வாங்க வந்தவர்கள் மாடி ஏறி வந்தார்கள். நாற்பது சதவீதம் என்று தீர்ப்பாகியிருந்தது. ஹவில்தார் அதை ஏதோ தவறு செய்து பிடிபட்டவர் மாதிரி சொன்னார். மிச்சம் அறுபது தன் வீடு வந்து சேர்ந்ததே, அது போதும் என்று அந்த அம்மா அவரைக் கிண்டல் செய்தார். எப்படி அண்ணாச்சி சொன்னீர்கள் என்று விடாமல் கேட்டேன்.

"அட்டென்ஷன்ல நின்னுகினு இருந்தேன் மேடம். ‘ஒண்ணும் இல்ல சார்’னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்த டாக்டருங்கள்ல ஒரு லேடி ஆபீசரு, சேரைக் காட்டி குந்துன்னாங்க. ஆபீசர் முன்னாடி நான் குந்தினதே இல்ல. குந்துன்னு ஆர்டர் போட்டாங்க. குந்திட்டேன். குந்தினதும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். மலைல மறைச்சத கூட."

நான் இப்போது செங்கல்பட்டில் வேறு மருத்துவமனையில் இருக்கிறேன். ஹவில்தார் நன்றாக இருப்பதாக அந்த அம்மா போனில் சொல்வார். அவரைக் கேட்டுப் பயனில்லை. பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் மாதம் நாலைந்து பேராவது இதய சோதனைக்கு வருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் விறைத்து நிற்பார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு முதலில் உட்கார வைக்கிறேன். பிறகுதான் ஒயர், பிறகுதான் கேள்வி. பாதிப் பேர் அப்போதும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். கதவைத் திறந்து, வெளியே பையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவை உள்ளே வரச் சொல்கிறேன்.