ஹைதுஸ் என்றால் ஆட்டுக்குட்டி

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மலாயாவில், சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே டிரெசர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற வேலை. சண்டை வந்த கொஞ்ச நாளில் மருந்தெல்லாம் தீர்ந்துவிட்டது. மருந்துப் புட்டிகளைப் படிப்பதற்காக அவர் கற்றுக்கொண்ட லத்தீன் மட்டும் தீரவே இல்லை. வெள்ளைக்கார டாக்டர் ஓடும்போது விட்டுப்போன லத்தீன் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு கருகினாலும் மனுஷனுக்குத் தெரியாது.

அப்போது என் மகள் கைக்குழந்தை. கிழங்கையே தின்று தின்று எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. அவள் பசியில் கத்தும்போது, நானெல்லாம் ஒரு தாயா என்று அழுகை வரும். டின் பால் எங்கேயும் கிடைக்கவில்லை. துணிக்குப் பஞ்சமான நேரம் என்பதால், என் கல்யாணச் சேலையைத் திகாம் பத்துவில் ஒரு மலாய்க்காரரிடம் கொடுத்து, ஓர் ஆட்டையும் அதன் கிடாக்குட்டியையும் ஓட்டிவந்தோம். அந்த ஆடு மகா பிடிவாதக்காரி. குட்டி வந்து மடியை முட்டினால்தான் பால் இறக்குவாள். குட்டி கண்ணில் படாவிட்டால் ஒரு சொட்டு கிடையாது.

குட்டிக்குப் பேர் வைத்தது அவர்தான்.

"ஹைதுஸ். லத்தீன்ல ஆட்டுக்குட்டிக்குன்னே இருக்கிற வார்த்தை. நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் அது செல்லாது."

"நமக்கு நாய்க்கும் குட்டி, யானைக்கும் குட்டி. எங்கப்பா என்னையே குட்டின்னுதான் கூப்பிடுவாரு. அது போதாதா உங்களுக்கு?"

"ரொம்பச் சின்னதா இருந்தா ஹைதுலுஸ். வளந்து கிடாவாயிட்டா ஹைதுஸ்னு சொல்லக் கூடாது, காப்பெர்னு மாத்தணும்."

"மாத்துங்க, மாத்துங்க. முதல்ல போயி தழை ஒடிச்சிட்டு வாங்க லா!"

ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. "ஹைதுஸ்!" என்று குரல் கொடுத்தால் குட்டி எங்கிருந்தாலும் துள்ளிக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலையில் ஜப்பான் சார்ஜென்ட் ஒருவன் சிப்பாய்களோடு வந்தான். ஏதோ விருந்தாம், இறைச்சி வேண்டுமாம். கோழிக்கூட்டைக் காலி செய்துவிட்டு, குட்டியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தான். குட்டி போனால் ஆட்டுப்பாலும் போச்சு. பிள்ளைக்கு எதைக் கொடுப்பேன்? பக்கத்தில், ஜப்பான்காரனுக்கு வணக்கம் வைக்கக் குனிந்த என் வீட்டுக்காரர் நிமிரவே இல்லை. இத்தனை லத்தீன் படித்த வாயில் காற்றுகூட வரவில்லை!

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போனேன். சார்ஜென்ட் அவளைப் பார்த்தான், ஆட்டின் மடியைப் பார்த்தான். "சூசு? அனாக்?" என்று அரைகுறை மலாயில் கேட்டான். பால் பிள்ளைக்கா என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் குட்டி கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்தது. ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான்.

"ஹைதுஸ்! ஹைதுஸ்!" என்று அலறினேன்.

சார்ஜென்ட் சட்டென்று கையை நீட்டிச் சிப்பாயைத் தடுத்தான். முகமெல்லாம் சிரிப்பு. "ஹை, ஸோ தெஸ்!" என்று என்னைத் திருத்தினான். ஜப்பான் பாஷையில் அதற்கு 'ஆமாம், அப்படித்தான்' என்று அர்த்தம். நான் குட்டியைக் கூப்பிட்டதை, அவன் கேள்விக்கு அவன் பாஷையிலேயே தப்பும் தவறுமாகப் பதில் சொன்னதாக எடுத்துக்கொண்டான்! வாத்தியார் மாதிரி நின்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தான். நானும் குனிந்து குனிந்து சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் குட்டியை விட்டுவிட்டு, கோழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரருக்கு வாய் வந்தது. "பாத்தியா, என் லத்தீன்தான் காப்பாத்துச்சு."

"அடேயப்பா! கத்தினது யாரு?"

மறு வருஷம் ஹைதுஸ் கொம்பும் தாடியுமாகக் கிடாவாகிவிட்டான். இனி காப்பெர்தான் என்று அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னொரு சார்ஜென்ட் வந்தா காப்பெர்னா கத்துறது? சும்மா இருங்க," என்று அடக்கிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குப் பேச்சு வந்தது. கிடாவின் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "ஐதூ" என்றாள். அதுதான் அவளுடைய முதல் வார்த்தை. என் மகள் லத்தீன் பேசுகிறாள் என்று அவர் குதித்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் எதிரிலேயே நிற்கிறேன், அம்மா என்று வரவில்லையே!

அப்புறம் அவள் கன்னத்தைப் பார்த்தேன். கொழுகொழுவென்று இருந்தது. நான் கொடுக்காத பாலில் வந்த சதை.

"சரிடி, முதல்ல அவனையே கூப்பிடு," என்றேன். "நான் அப்புறம் வரேன்."