ஷென் டீச்சரின் இயற்கைத் தேர்வு

ஷாங்காய்ப் பூங்காவில் வார இறுதியில் கல்யாணச் சந்தை கூடும். பிள்ளைகள் வருவதில்லை. பெற்றவர்கள்தான் குடையை விரித்துத் தரையில் வைத்து, பிள்ளையின் உயரத்தையும் படிப்பையும் அதில் ஒட்டிவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையிலேயே தலைக்கனம் பிடித்த குடை ஷென் யூசின் டீச்சருடையது.

பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மூளையும் உடம்பும் ஒரே வேர், ஒன்று சொத்தை என்றால் மற்றதும் சொத்தை என்பது அவர் கொள்கை. ஆகவே பெண்ணின் தாயைப் பல்லைக் காட்டச் சொல்வார், தகப்பனை எதிர் மேட்டில் ஏறி இறங்கச் சொல்வார். மாடு வாங்க வந்தவர்கூட இதைவிட மரியாதையாக நடந்துகொள்வார்.

"மூச்சு வாங்குது பாருங்க. நாளைக்கு என் பேரனுக்கும் இதே நெஞ்சுதான். கிளம்புங்க!"

மகன் செங்யு கணிதத்தில் முனைவர். நாற்பதை நெருங்கும் வயது, வழுக்கை, தீராத நெஞ்செரிச்சல். லிஃப்ட் பழுதானால் ஆபீசுக்கு லீவு. இதெல்லாம் குடையில் கிடையாது. கேட்டால், "மூளைக்காரனுக்கு அப்படித்தான் இருக்கும்" என்பார். கொள்கை ஊராருக்கு மட்டும்தான்.

பேரப்பிள்ளை ஆசை மட்டும் பொய்யில்லை. புலிமுகம் தைத்த குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி அவர் அலமாரியில் வருடக்கணக்காகக் காத்துக் கிடந்தது.

அன்று சாயம் பூசிய அவித்த முட்டைக் கூடையோடு பான் வந்தாள். அவள் மகள் லிலானைச் சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில்தான் டீச்சர் தட்டிக்கழித்தார்: "ஏம்மா, என் கிளாஸ்ல பெயிலானவ. சோடாபுட்டிக் கண்ணாடி வேற. இந்த வித்து எங்க வீட்டுக்கு ஆகாது."

"டீச்சர், சிவப்பு முட்டை எடுத்துக்குங்க. லிலானுக்கு ரெட்டைப் பிள்ளை. ஒரு மாசம் ஆச்சு, அதான் வழக்கப்படி ஊருக்குக் குடுக்கறேன்."

"ரெட்டையா? எடை கம்மியா இருக்குமே," என்றார் டீச்சர். குரலில் ஒரு நப்பாசை.

"அய்யே, கல்லு மாதிரி இருக்குதுங்க. இதுங்களுக்கு அண்ணன்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் தூக்கிக்கிட்டே ஓடப் பாக்கறான்."

பக்கத்துக் குடைக்காரர் கிழவர் ஹூ சிரித்தார். "டீச்சர், உங்க பாடப்படி இப்ப பாஸானது யாரு?"

விடை டீச்சருக்குத் தெரியும். இயற்கைத் தேர்வில் தகுதி என்றால் அறிவும் இல்லை, பலமும் இல்லை. வாரிசை விட்டுச் செல்வதுதான் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியவர். 'புத்திசாலியே பிழைப்பான்' என்று எழுதிய பிள்ளைகளுக்குப் பூஜ்ஜியம் போட்டவரும் அவரேதான்.

சிவப்பு முட்டை தின்றால் அந்த வீட்டிலும் தொட்டில் ஆடும் என்பார்கள். கோழிமுட்டையில் என்ன மரபணு இருக்கிறது என்று எத்தனை பேரை அவர் கேலி செய்திருப்பார்!

பான் ஒரு முட்டையை டீச்சர் கையில் வைத்துவிட்டு அடுத்த குடைக்கு நகர்ந்தாள்.

"பான் அக்கா!" டீச்சர் அவளை அக்கா என்றது அதுதான் முதல் தடவை. "இன்னொண்ணு குடுங்க. பையனுக்கு."

"குடுக்கறேன் டீச்சர். ஆனா முட்டை மட்டும் போதாதே, பொண்ணும் வேணுமே?"

வரிசை முழுக்கச் சிரித்தது. விரலெல்லாம் சிவப்புச் சாயம் ஒட்ட, ஷென் டீச்சர் இரண்டு முட்டைகளையும் பைக்குள் பத்திரப்படுத்தினார்.