நூறில் பத்தாவது பிள்ளை

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு நீல நூல் சுருட்டிக் கிடக்கிறது. இடுப்பில் உடுத்தும் சாரம் நெய்கிற பருத்தி நூல். நீட்டிப் பிடித்தால் ஒரு வயதுப் பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து குதிக்கால் வரை வரும். தன்னாமுனையிலிருந்து ஸ்கூட்டரில் ஏறாவூருக்குப் போய், தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்ப்பது என் வேலை. மருத்துவிச்சி என்றாலும் ஊரில் எல்லோருக்கும் நான் மிஸ்ஸி. நூலை வெட்டியவளும் நான்தான். வெட்டப் பிந்தியவளும் நான்தான்.

கட்டாரில் வேலை செய்த ஒரு வாப்பா. மகள் பிறந்து ஏழு மாதமாகியும் போனில்தான் முகம் பார்த்திருந்தார். மனைவி வீட்டில் தறி வைத்திருந்தாள், இருபத்திரண்டு வயதிருக்கும். ஒவ்வொரு கிளினிக் நாளிலும் பிள்ளையைப் பலகையில் கிடத்தி, அவள் தலையைப் பிடிக்க, நான் முழங்காலை மெல்ல அமர்த்தி அளப்பேன். அந்த எண் அன்றே கட்டாருக்குப் போய்விடும். அவர் தன் அறையின் இரும்பு அலுமாரிக் கதவில் அந்த உயரத்துக்குப் பேனையால் ஒரு கோடு போடுவார். பிள்ளையைத் தூக்க முடியாத மனிதர், பாவம், கோட்டையாவது பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கோடு போடுகிற பிள்ளை வளர்ச்சி அட்டையில் நிறப் பட்டைகள்தான். அவர் போனிலோ வயதையும் நீளத்தையும் போட்டால் சதமானம் சொல்லும் செயலி ஒன்று இருந்தது. அது பத்து என்று சொன்ன அன்று என்னைக் கூப்பிட்டார். “மிஸ்ஸி, நூத்துக்குப் பத்தா? என்ட புள்ள பெயிலா?”

எங்கள் நாட்டில் எண்ணைக் கண்டால் முதலில் பரீட்சைதானே ஞாபகம் வரும். “இது மார்க்ஸ் இல்ல, தம்பி. இதே வயசுப் பொம்பிளப் பிள்ளைகள் நூறு பேரை, ஆகக் கட்டையான பிள்ளை முன்னுக்கு நிக்க, உயரப்படி வரிசையில விட்டா, உங்கட மகள் பத்தாவதா நிப்பா. அது அவவிட இடம். மாசா மாசம் அந்த இடத்தைப் பிடிச்சுக்கொண்டு வளந்தாக் காணும், அதை விட்டு வழுக்கினாத்தான் நாங்க பயப்படோணும்” என்றேன். ஓம் ஓம் என்றார். ஆனால் மனைவியிடம், நல்லா சாப்பாடு குடுக்கிறயா என்று தினமும் கேட்கத் தொடங்கினார்.

அடுத்த மாதம் பலகையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அவள் கேட்டாள்: “மிஸ்ஸி, ஒரு மூணு சென்டிமீற்றர் கூட்டிச் சொல்லட்டா? அவருக்கு அங்க நித்திரையும் வராதாம்.” நான் சிரித்தேன். அட்டையில் சரியாகத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கே செயலி ஐம்பதைக் காட்ட, அவர் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாராம்.

மழைக்காலம் முடிந்தபோது பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். பால் குடிக்க மனமில்லை. ஏறிக்கொண்டிருந்த அட்டைக் கோடு இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்தது, நிறையும் இறங்கியது. கட்டாருக்குப் போன எண்ணை மட்டும் அவள் கூட்டிக் கூட்டி ஏற்றிக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த துண்டு அப்படியே திரும்பி வந்தது. “புள்ள ஐம்பதில நிக்கிறாளே, எதுக்கு ஊசி குத்தி வதைக்கிற எண்டு அவர் கேக்கிறார்” என்று அழுதாள். உண்மையைச் சொன்னால் இனி தன்னை ஒருநாளும் நம்பமாட்டார் என்ற பயம் அவளுக்கு. “நாளைக்கு நீங்க சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்லுவன்” என்றேன்.

மறுநாள் காலையில் பிள்ளையோடும் தறியிலிருந்து எடுத்த நூலோடும் வந்தாள். பிள்ளையைக் கிடத்தி, பக்கத்தில் நூலை இழுத்துப் பிடித்தாள். குதிக்கால் தொட்ட இடத்தில் நான் வெட்டினேன். லீவு முடிந்து அன்றே கட்டாருக்குத் திரும்பவிருந்த அவளுடைய அண்ணன், அவள் நானா என்று கூப்பிடுகிறவர், கையில் அது ஒரு கடித உறையில் போனது. போனில் சொல்லவும் கடிதம் எழுதவும் அவளால் முடியவில்லை, கதவுக் கோட்டில் வைத்துப் பார்த்து அவரே அறியட்டும் என்றாள்.

அடுத்த நாள் மதியம் என் போன் அடித்தது. “மிஸ்ஸி, நூலை மூணு தரம் கதவில வச்சுப் பாத்தன். கோட்டுக்கு மூணு விரல் கட்டையா இரிக்கு.” இரும்புக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. “அவளுக்கு ஏசாதீங்க, மிஸ்ஸி. உண்மையைச் சொல்லப் பயப்படுற மாதிரி நான்தான் கேட்டுக் கேட்டு வச்சிருக்கன். இப்பவே புள்ளய கொண்டு போங்க, நீங்களும் கூடப் போங்க.”

சிறுநீரில் கிருமி என்றார்கள். மருந்து பிடித்தது. பிள்ளை பசியெடுத்து அழுத அன்று நானும் அழுதேன். சில மாதங்களில் கோடு ஏறி, தன் பழைய இடத்துக்கே வந்தது. லீவில் வந்த வாப்பா நூலை என் கையில் தந்தார். “நீங்க வச்சிருங்க. இன்னொரு தாய்க்கும் தேவைப்படும்.” அதன் பிறகு எந்தத் தாய் ஒரு சென்டிமீற்றர் கூட்டிக் கேட்டாலும் நான் சிரிப்பதில்லை. உட்காரவைத்து, வீட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறேன்.

போன கிழமை அவர்கள் மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் வரிசை விட்டால் தான்தான் முன்னுக்கு நிற்பதாகப் பெருமையடித்தாள். வாப்பா உரக்கச் சிரித்தார். நான் நூலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நுனியைக் காலால் மிதித்து மறு நுனியை இழுத்துப் பார்த்தாள், நெஞ்சுக்கே எட்டவில்லை.

“இது என்ன, உம்மா?”

தாய் ஒரு கணம் கணவனைப் பார்த்தாள். பிறகு மகளின் தலையைத் தடவினாள்.

“உன்ட அளவு, புள்ள. கூட்டாம, குறைக்காம.”