வெல்மா வண்டி ஓட்ட உட்கார்ந்த நாள்

முப்பத்தோரு வருடம் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள் வெல்மா. நெப்ராஸ்காவில் கியர்னி ஊரில் வீடுவீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்த கை. யார் மாத்திரையை விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் சொந்தப் புருஷனிடம் ஏழு மாதம் ஏமாந்தாள்.

வெல்மாவும் கிளென்னும் ஜூலை பிறந்தால் கொலராடோ மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். முதலில் கூடாரம், பிறகு காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் பெட்டி, கடைசியில் கட்டிலும் அடுப்பும் கழிவறையும் உள்ள இருபத்தெட்டு அடி வீட்டு வண்டி. ஓட்டுவது கிளென். வெல்மா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுவாள். முகாமில் வண்டியைப் பின்னோக்கி நிறுத்துவதுதான் பெரிய வேலை. அவள் இறங்கிப் போய், ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் தான் தெரியும்படி நிற்பாள். கையைச் சுழற்றினால் வா. ஒரு பக்கம் வீசினால் அந்தப் பக்கம் திருப்பு. இரண்டு முஷ்டியையும் உயர்த்தினால் நில். மற்ற ஜோடிகள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வண்டியை நுழைப்பதை முகாமே நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும். இவர்கள் வந்தால் வேடிக்கை கிடையாது. ஒரு பேச்சும் இல்லாமல் வண்டி உள்ளே போய்விடும்.

அந்த வருடம் ஜனவரியிலிருந்தே, பேசினால் கிளென் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். நல்ல காதைக் காட்டுகிறார், ஒரு காது போய்விட்டது என்று வெல்மா முடிவு கட்டினாள். உரக்கப் பேசத் தொடங்கினாள். காது டாக்டரிடம் போகச் சொன்னாள். போகிறேன் என்றாரே தவிர, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

பயணத்துக்கு மகள் டீனாவும் ஒன்பது வயதுப் பேத்தி மேடியும் வந்தார்கள். முன் இருக்கையை டீனா எடுத்துக்கொண்டாள்.

"மேடி உன்கூட சீட்டு விளையாடணும்னு உயிரை எடுக்கிறாம்மா. நீ பின்னாடி உக்காரு. முப்பது வருஷம் பார்த்த மலைதானே?"

முகாம்களை முன்பதிவு செய்ததும் டீனாதான். நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடங்களாகவே பார்த்துப் பிடித்திருந்தாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வெல்மா மெச்சிக்கொண்டாள்.

நான்காம் நாள் மொனார்க் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருந்த முகாமில் அப்படிப்பட்ட இடம் கிடைக்கவில்லை. வெல்மா இறங்கிப் பழைய இடத்தில் நின்றாள். கையைச் சுழற்றினாள், வண்டி வந்தது. முஷ்டிகளை உயர்த்தினாள், வண்டி நிற்கவில்லை. அவள் விலகிக் குதித்தாள். அங்கே போட்டிருந்த சாப்பாட்டு மேசையில் வண்டி மோதி, பலகை இரண்டாகப் பிளந்தது. திறந்திருந்த சன்னல் வழியே டீனாவின் குரல் கேட்டது.

"அப்பா, நிறுத்துங்க. அம்மா கையைத் தூக்கி எவ்வளவு நேரமாச்சு!"

வெல்மா முன்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். கிளென்னின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி, எத்தனை என்று கேட்டாள். அவர் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் தேடினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. பார்வையின் நடுப்பகுதி போனவர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். அவர்கள் இப்படித்தான் திரும்புவார்கள். காது என்று நினைத்தது தன் புத்திகெட்டத்தனம்.

"தாத்தாவுக்கு நடுவுல மட்டும் தெரியாது பாட்டி," என்றாள் மேடி. "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா."

குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

ஜனவரியிலேயே கண் டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். கிளென் அதை மகளிடம் மட்டும் சொன்னார். கடைசியாக ஒரு தடவை அவர் ஆசை தீர ஓட்டட்டும், பக்கத்தில் இருந்து தான் பார்த்துச் சொல்லலாம் என்று டீனா ஒத்துக்கொண்டாளாம்.

"சொல்லியிருந்தா என்னை நோயாளியாக்கி உக்கார வச்சிருப்பே," என்றார் கிளென்.

"ஆமா, வச்சிருப்பேன். நோயாளி பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவேன். நீ புருஷன்னு நம்பினேன் பாரு, அங்கதான் கோட்டை விட்டேன்."

டீனா அழுதாள். அப்பாவின் சந்தோஷத்துக்காகத்தான் என்றாள்.

"நீ பெத்த பொண்ணைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு, பாதி தெரியாத மனுஷனை மலையில ஓட்ட விட்டிருக்கே. யாரு சந்தோஷம்டி இது?"

மறுநாள் கணவாயைத் தாண்டிக் கன்னிசன் ஊருக்கு இறங்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். டீனா இந்த வண்டியைத் தொட்டதே இல்லை. வெல்மாவும் இல்லை. ஆனால் சக்கர நாற்காலி ஏற்றும் வேனை அவள் பதினோரு குளிர்காலம் பனியில் ஓட்டியிருக்கிறாள். காலையில் காப்பியைக் குடித்துவிட்டுச் சாவியைக் கேட்டாள். கிளென் கொடுக்கத் தயங்கினார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அவர் கொடுத்தார்.

ஏறியது பெரிதில்லை. இறக்கத்தில் வண்டியின் கனம் முழுவதும் முதுகில் வந்து தள்ளியது.

"இரண்டாவது கியர்ல போடு," என்று பின்னாலிருந்து கிளென் சொன்னார். "பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதே. விட்டு விட்டு மிதி."

சொன்னது சரி என்பதால் அப்படியே செய்தாள். பின்னால் கார்கள் வரிசை கட்டின. இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி இறங்கினாள். சமதரைக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பயணத்தை அவள் பாதியில் நிறுத்தவில்லை. மீதி ஐந்து நாளும் அவளே ஓட்டினாள். சமைத்தாள், மேடியோடு சீட்டாடினாள். ஊர் திரும்பியதும் கிளென்னின் ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைக்கக் கூடவே போனாள். அடுத்த முறை கண் டாக்டரின் அறைக்குள்ளும் போய் உட்கார்ந்தாள். கிளென் தடுக்கவில்லை. பயந்து பொய் சொன்னவர் அவர். பயத்தை அவளால் கையாள முடியும்.

டீனா பயந்து செய்யவில்லை. திட்டம் போட்டுச் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தொலைபேசியில் கூப்பிட்டால் வெல்மா பேசத்தான் செய்கிறாள். மேடி எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறாள் என்பாள் டீனா. அப்படியா என்று கேட்டுவிட்டு, மேடியைக் கூப்பிட்டு அவளிடமும் அதே கேள்வியைக் கேட்பாள். எதற்கு என்று டீனா ஒருமுறைகூடக் கேட்டதில்லை.