பாறை மேல் எடுத்த மூன்று டேக்

தப்பிப் பிழைக்கிற கதை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஜெயிலில் சுரங்கம் தோண்டினவன், கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கினவன், பனியில் மாட்டிக்கொண்டவன் என்று நூலகத்தில் கிடைத்த அத்தனை பேரையும் குமுளி ஜீப் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தே படித்து முடித்தேன். காட்டில் வழி தவறிய ஒருவனைப் பற்றிப் படம் எடுக்க ஒரு யூனிட் வந்து, உள்ளூர் ஆள் வேண்டும் என்றதும், ஜீப்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு லொகேஷன் மேனேஜர் ஆகிவிட்டேன். இன்று இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக, அந்த முதல் படத்தில் நான் சொதப்பியதைச் சொல்கிறேன்.

1. இடம் பிடித்தது

கதைப்படி ஹீரோ பதினோரு நாள் காட்டில் அலைகிறான். கடைசியில் ஒரு பாறை மேல் ஏறி, "யாராவது இருக்கீங்களா?" என்று கத்துகிறான். பதிலே வராது. அப்படியே உட்கார்ந்து உயிரை விடுவான். படம் முடியும். டப்பிங் கிடையாது, சவுண்ட் அங்கேயே எடுக்க வேண்டும், அதனால் ஆள் அரவம் இல்லாத பாறை வேண்டும் என்றார் டைரக்டர்.

வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து உச்சியில் பாறை கிடைத்தது. முதலாளியிடம் அனுமதி வாங்கினேன். மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் பச்சை, ஒரு தலைகூடத் தெரியவில்லை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், காய் அடியில்தான் பிடிக்கும், அதை எடுக்கிற பெண்கள் தூரடியில் குனிந்திருப்பார்கள், தலை எப்படித் தெரியும்? இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை. சினிமாக்காரன் ஆகிவிட்ட மிதப்பு.

2. ஷூட்டிங்

ஹீரோ உடம்பு இளைக்க வேண்டும் என்று நிஜமாகவே பட்டினி கிடந்தார். பாறையில் ஏறிக் கத்தினார். "யாராவது இருக்கீங்களா?"

கீழே நாலு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. "கூஊஊய்!"

டைரக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆளே இல்லாத இடம்னு சொன்னீங்க?"

விழுந்தடித்துக் கீழே ஓடினேன். காய் எடுக்கிறவர்களில் மூத்தவர் ரோசம்மாள் அக்கா.

"அக்கா, அது சினிமாக்கா. யாரும் கூவாதீங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி? சரி, வாயை மூடிக்கிடுதோம்."

இரண்டாவது டேக்கிலும் கூவல் வந்தது. அதில் ரோசம்மாள் அக்கா குரல்தான் பெரிசு.

"இன்னும் ஒரு டேக்குக்குத்தான் வெளிச்சம் இருக்கு," என்றார் டைரக்டர். "இதுவும் கெட்டுதுன்னா நீங்க ஜீப் ஓட்டவே போயிடலாம்."

மறுபடி கீழே ஓடினேன். "அக்கா, என் வேலை போயிரும்க்கா!"

"நான் என்னய்யா செய்ய? பக்கத்துல நிக்கிறவளே இங்க கண்ணுக்குத் தெரியாது. ஆனை வந்தாலும், வழுக்கி விழுந்தாலும் கூவத்தான் செய்வோம். கேட்டவ பதிலுக்குக் கூவணும். அப்படியே பழகிட்டோம், வாய் தானா கூவிருது. அதுலயும் அந்தப் பையன் குரல்ல எம்புட்டுப் பசி!"

"இந்த ஒரு தடவை மட்டும்க்கா."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். மற்றவர்களும் அடைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது டேக். ஹீரோ கத்தினார். சத்தமே இல்லை. எனக்கு உயிர் வந்தது. ஹீரோ மெல்ல உட்காரப் போனார்.

"இந்தா இருக்கோம்யா! அங்கனயே இரு, வாரோம்!"

செடியை விலக்கிக்கொண்டு, கையில் கஞ்சித் தூக்குவாளியோடு ரோசம்மாள் அக்கா பாறை ஏறி வந்தார். ஹீரோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யாரும் கட் சொல்லவில்லை. அவர் கஞ்சியை வாங்கி மடமடவென்று குடித்தார்.

3. என் வேலை

ஜீப் ஸ்டாண்டுக்கே திரும்புவது என்று மனதைத் தேற்றிக்கொண்டு டைரக்டர் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பேர் பதில் சொல்ற ஊர்ல இவனை எப்படிங்க சாகடிக்கிறது?" என்றார்.

பெண்களிடம் சம்மதம் கேட்டு அந்த டேக்கையே படத்தின் முடிவாக வைத்தார். என் வேலையும் தப்பியது. அன்று நான் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

பிள்ளைகளே, லொகேஷன் பார்க்கப் போனால் முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள். என்றைக்கு லீவு, எத்தனை மணிக்கு வேலை விடும் என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரே டேக்கில் ஷாட் முடிந்திருக்கும். அந்த ஆளும் செத்திருப்பான்.